சத்திரத்தானுக்குக் கொடுத்த வாக்கு



நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பள்ளியில் எத்தனை முறை நடித்திருப்போம்! கள்ளர் அடிப்பார்கள். ஆசாரியன் விலகிப் போவான். லேவியனும் விலகிப் போவான். சமாரியன் வந்து காயம் கட்டுவான். அதோடு திரை விழுந்துவிடும். ஆனால் லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் அவன் பணத்தை எடுத்துச் சத்திரத்தான் கையில் கொடுக்கிறான். அது போதாமற்போனால், திரும்பி வரும்போது மீதியையும் தருவதாகச் சொல்லிப் போகிறான். எண்ணெயும் திராட்சரசமும் ஒரு நாள் செலவு. சத்திரத்தானுக்குக் கொடுத்த வாக்கோ, காயம் ஆறும்வரை தொடரும் செலவு. குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு இரண்டும் தேவைப்பட்டன.

டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம். அதையொட்டி, எய்ட்ஸ் நோய்க்கு அரசாங்கங்கள் செய்யும் செலவைப் பற்றி இங்கே எழுதுகிறோம். "வாலிபர் பத்திரிகையில் வரவுசெலவுக் கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். முதல் வேலைக்குப் போயிருக்கும் நம் தம்பி தங்கைகள், சம்பளச் சீட்டில் ஃபெடரல் வரி என்று பிடிக்கப்பட்ட தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அந்த வரியில் ஒரு சிறு துளி 2003-ஆம் ஆண்டு முதல் சாம்பியாவிலும் உகாண்டாவிலும் ஹைட்டியிலும் மாத்திரையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது நம் பணம். அது என்ன செய்தது, இப்போது ஏன் தடுமாறுகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நிறுத்தக் கூடாத மாத்திரை

எச்.ஐ.வி. கிருமி நம் உடலின் காவலர்களாகிய வெள்ளை அணுக்களுள் ஒரு வகையைத் தாக்கி அழிக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலோருக்குச் சுமார் பத்து ஆண்டுகளில் எதிர்ப்புச் சக்தி முற்றிலும் குன்றிவிடும். அந்த நிலைதான் எய்ட்ஸ். பிறகு காசநோயோ நிமோனியாவோ வந்து உயிரைக் கொண்டுபோகும்.

1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். ஆனால் ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளவர்கள் பிழைத்தார்கள். ஆப்பிரிக்காவில் உள்ளவர்கள் வரிசையாகக் கல்லறைக்குப் போனார்கள். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு! உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று ஏழை நாடுகளுக்கு மொத்தமாக வாங்கும் விலை ஆண்டுக்கு 40 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில், நாளுக்கு ஒன்று. ஏழை நாடுகளுக்குப் போகும் இம்மருந்துகளில் பெரும்பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது.

இந்த மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை, அடக்கி வைக்கிறது. தினமும் சாப்பிட்டால் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கிருமி குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் மூலம் மற்றவருக்கு நோய் தொற்றுவதில்லை. சிகிச்சையே இல்லாத தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. சிகிச்சை எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆகவே ஒரு தாய்க்குக் கொடுக்கும் மாத்திரை அவளை மட்டுமல்ல, அவள் கணவனையும் குழந்தையையும் காக்கிறது.

மாத்திரையை நிறுத்தினால்? சில வாரங்களில் கிருமி திரும்பவும் பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அசையாத கிருமியாக மாறவும் கூடும். கிணறு தோண்டினால் அது பல ஆண்டுகள் தண்ணீர் தரும். பள்ளிக் கட்டடம் கட்டினால் அது நிற்கும். எய்ட்ஸ் சிகிச்சைக்கான செலவு அப்படிப்பட்டதல்ல. அது தினமும் நிறைவேற்ற வேண்டிய வாக்கு.

2003 ஜனவரி 28

அன்று இரவு அதிபர் ஜார்ஜ் புஷ் அமெரிக்கக் காங்கிரஸ் முன் ஆண்டு உரை ஆற்றினார். ஈராக் போரைப் பற்றிக் கேட்கக் காத்திருந்தவர்களிடம், ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடிப் பேருக்கு எச்.ஐ.வி. இருப்பதையும், அவர்களில் 50,000 பேருக்குத்தான் மருந்து கிடைப்பதையும் சொன்னார். ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் செலவிடக் காங்கிரஸின் அனுமதி கேட்டார். உகாண்டா மருத்துவர் பீட்டர் முகியென்யி அப்போது அதிபரின் மனைவி அருகே பார்வையாளர் மாடத்தில் இருந்தார். வந்த நோயாளிகளை மருந்தில்லாமல் திருப்பி அனுப்பிச் சலித்த மருத்துவர்களுள் அவர் ஒருவர். அதே ஆண்டு மே 27-இல் திட்டம் சட்டமாயிற்று. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் "பெப்ஃபார்" என்று அழைக்கிறார்கள்.

இதற்குச் சபைகளின் பங்கும் உண்டு. வட கரோலினா செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் பல ஆண்டுகள் எய்ட்ஸுக்கான அரசுச் செலவைக் கடுமையாக எதிர்த்தவர். 2002 பிப்ரவரியில் ஃபிராங்க்ளின் கிரகாம் வாஷிங்டனில் கூட்டிய கிறிஸ்தவ எய்ட்ஸ் மாநாட்டில் அவர் எழுந்து, இதுவரை அதிகம் செய்யாமல் இருந்ததற்காக வெட்கப்படுவதாகச் சொன்னார். அப்போது அவருக்கு எண்பது வயது. சில வாரங்களில், தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றாமல் தடுக்க 50 கோடி டாலர் ஒதுக்க வேண்டும் என்று அவரே குரல் கொடுத்தார். எண்பது வயதிலும் மனந்திரும்ப முடியும் என்பதற்குச் செனட் சபையிலேயே ஒரு சாட்சி!

செலவும் பலனும்

இதுவரை பெப்ஃபாருக்கு அமெரிக்கா செலவிட்டது 11,000 கோடி டாலருக்கும் மேல். வரலாற்றில் ஒரு நாடு ஒரே நோய்க்கு எதிராகச் செய்த மிகப்பெரிய செலவு இது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மதிப்பீட்டின்படி சுமார் 2.5 கோடி உயிர்கள் காப்பாற்றப்பட்டன. 55 லட்சம் குழந்தைகள் எச்.ஐ.வி. இல்லாமல் பிறந்தார்கள். 2024 செப்டம்பர் நிலவரப்படி 2 கோடியே 6 லட்சம் பேர் இத்திட்டத்தின் உதவியால் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உலக அளவில் 2004-இல் எய்ட்ஸால் இறந்தவர்கள் 21 லட்சம். 2024-இல் 6 லட்சத்து 30 ஆயிரம். இந்த வித்தியாசத்துக்குப் பெப்ஃபார் மட்டும் காரணமல்ல. குளோபல் ஃபண்ட் என்ற உலக நிதியம், அந்தந்த நாட்டு அரசுகளின் பணம், நோயாளிகளே நடத்திய போராட்டங்கள் எல்லாம் சேர்ந்தவை. ஆனாலும் பெப்ஃபார் இல்லாமல் இது நடந்திருக்காது.

இவ்வளவு பணமா என்று மலைக்க வேண்டாம். 2024-இல் பெப்ஃபாருக்கும் குளோபல் ஃபண்டுக்குமாகச் சேர்த்து ஒதுக்கியது சுமார் 650 கோடி டாலர். அவ்வாண்டு அமெரிக்க அரசின் மொத்தச் செலவு 6.7 லட்சம் கோடி டாலருக்கு மேல். அதாவது, அரசு செலவழிக்கும் ஒவ்வொரு ஆயிரம் டாலரிலும் ஒரு டாலர்கூட முழுதாக இல்லை.

வேலூருக்குப் போன இரத்தக் குப்பிகள்

இது ஆப்பிரிக்காவின் கதை மட்டுமல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இந்த ஆய்வில் இறக்கினார். "நம் நாட்டில் அந்த நோய் வராது" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளைப் பரிசோதிக்கச் சென்னையில் வசதி இல்லை. இரவு ரயிலில் காட்பாடி வரை கொண்டுபோய், அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது.

வேலூர் சி.எம்.சி. எப்படி உண்டானது என்று நம் சபையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அமெரிக்க மிஷனரி ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய ஊழியம் அது. அமெரிக்க விசுவாசிகளின் காணிக்கை அதில் கலந்திருக்கிறது. கண்டுபிடிப்பதற்கு அந்த ஆய்வகம் உதவியது. ஆனால் கோடிக்கணக்கான மக்களுள்ள மாநிலத்தில் நோயைத் தடுத்து நிறுத்தக் காணிக்கை போதுமா? அங்கேதான் அரசுப் பணம் வந்தது. 1992-இல் இந்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொடங்கியது. உலக வங்கி 8.4 கோடி டாலர் கடன் தந்தது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவாயிற்று. மற்ற மாநிலங்கள் பின்னர் அதே முறையைப் பின்பற்றின. 1990-களின் நடுவில் அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் நிறுவனம், சென்னை வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாகத் தமிழ்நாட்டுக்கென ஒரு தடுப்புத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது. லாரி ஓட்டுநர்களிடமும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் வேலை செய்த தொண்டு நிறுவனங்களுக்கு அந்தப் பணம் போயிற்று.

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவர்தோறும் இருந்த விளம்பரம் பெற்றோருக்கு நினைவிருக்கும். அப்போது சிரித்திருப்பீர்கள், முகமும் சுளித்திருப்பீர்கள். ஆனால் அந்த வார்த்தையை வீட்டில் உச்சரிக்க வைத்தது அதுதான். 2004 ஏப்ரல் 1-இல் இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ள கர்ப்பிணிப் பெண்களிடையே 2000-க்கும் 2004-க்கும் இடையில் நோய்த்தொற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2006-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது.

அயல்நாட்டுக் கடனில் தொடங்கிய அந்த வேலையை இன்று இந்தியா தன் பணத்திலேயே நடத்துகிறது. 2021 முதல் 2026 வரையான ஐந்தாம் கட்டத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது 15,471.94 கோடி ரூபாய். தொடக்கத்தில் தாங்கிய கை இருந்ததால்தான் பின்னர் சொந்தக் காலில் நிற்க முடிந்தது.

நம் வீடுகளில் கேட்கும் மூன்று கேள்விகள்

ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது இந்தப் பேச்சு வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். பெரியவர்கள் கேட்பார்கள், சில வேளை நாமும் மனதுக்குள் கேட்போம். மூன்றுக்கும் நேராகவே பதில் தேடுவோம்.

முதலாவது: "தங்கள் பாவத்தால் வந்ததற்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?"

டாக்டர் சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மருத்துவ மையத்தைத் தொடங்கினார். அங்கே வந்த எச்.ஐ.வி. உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். வீட்டில் உண்மையாய் இருந்தவர்களுக்கே நோய் வந்தது. அவர்கள் பெற்ற குழந்தை என்ன பாவம் செய்தது?

இந்த நாட்டிலேயே ஒரு பையனின் கதை உண்டு. இண்டியானா மாநிலத்தின் கோகோமோ ஊரைச் சேர்ந்த ரயன் ஒயிட்டுக்கு இரத்தம் உறையாத நோய் இருந்தது. அதற்குக் கொடுத்த மருந்து வழியாக எச்.ஐ.வி. தொற்றியது. 1985-இல், பதின்மூன்று வயதில், அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தார்கள். 1988-இல் அதிபரின் எய்ட்ஸ் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னபோது, ஆலயத்தில்கூட மக்கள் தன்னோடு கைகுலுக்கவில்லை என்று அவன் சொன்னான். ஆலயத்தில்! 1990 ஏப்ரலில் பதினெட்டு வயதில் அவன் இறந்தான். அதே ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய எய்ட்ஸ் சிகிச்சைச் சட்டத்துக்கு அவன் பெயரையே வைத்தது. இன்று அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ளதாகக் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தத் திட்டத்தால் பயன் பெறுகிறார்கள்.

குற்றமற்றவர்களுக்கு மட்டும் மருந்து என்று நாம் வாதிடவில்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று கேட்டார்கள். இயேசு அந்தக் கணக்குக்குள்ளேயே போகவில்லை. சேறுண்டாக்கிக் கண்ணில் பூசினார். சமாரியனும், இரவில் ஏன் தனியாக அந்த வழியே போனாய் என்று விசாரித்ததாக வேதத்தில் இல்லை.

இரண்டாவது: "தர்மம் சபையின் வேலை. அரசு ஏன் வரிப் பணத்தில் செய்ய வேண்டும்?"

நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு குடும்பங்கள் உள்ள ஒரு தமிழ்ச் சபை. ஒவ்வொரு குடும்பமும் மாதம் 20 டாலர் இதற்கென்று கொடுத்தால் ஆண்டுக்கு 24,000 டாலர் சேரும். ஒருவருக்கு 40 டாலர் வீதம் 600 பேருக்கு ஓர் ஆண்டு மாத்திரை வாங்கலாம். 600 உயிர்! சிறிய காரியமல்ல. ஆனால் பெப்ஃபார் உதவியால் சிகிச்சை பெற்ற 2 கோடியே 6 லட்சம் பேருக்கும் மாத்திரை வாங்க அதுபோல 34,000-க்கும் மேற்பட்ட சபைகள் வேண்டும். ஒரு மாதம்கூடத் தவறாமல் கொடுக்க வேண்டும். அதுவும் மாத்திரைக்கு மட்டும். இரத்தப் பரிசோதனை, செவிலியர் சம்பளம், கிடங்கு, லாரி, கிராமத்துக்கு நடந்துபோகும் சுகாதாரப் பணியாளர் எதுவும் இதில் சேரவில்லை.

சபைக்கு வேலை இல்லை என்று அர்த்தமல்ல. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் கிராமப்புற மருத்துவமனைகளில் பல மிஷன் மருத்துவமனைகளே. பெப்ஃபார் பணத்தில் ஒரு பகுதி அவற்றின் வழியாகவும் சென்றது. கத்தோலிக்க நிவாரணச் சேவை அமைப்பு பிற கிறிஸ்தவ அமைப்புகளோடு சேர்ந்து பல நாடுகளில் சிகிச்சை நடத்தியது. சத்திரத்தை சபை நடத்தியது, செலவை அரசு கொடுத்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நோயாளி திண்ணையில்தான் கிடந்திருப்பான்.

மூன்றாவது: "பணம் வீணாகிறதே, காலமெல்லாம் நாமே கொடுத்துக்கொண்டிருப்பதா?"

வீணான பணமும் உண்டு. அதை மறைக்க வேண்டாம். அதில் ஒரு பகுதி நம்மைப் போன்ற கிறிஸ்தவர்கள் கேட்டுப் பெற்றது. 2003 சட்டம், தடுப்புக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருமணம் வரை விலகியிருக்கப் போதிக்கும் திட்டங்களுக்கே செலவிட வேண்டும் என்று விதித்தது. 2008-இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. அந்தப் போதனைக்காகச் செலவான 140 கோடி டாலருக்கு மேற்பட்ட பணத்தால் ஆப்பிரிக்க இளைஞரின் நடத்தையில் மாற்றம் எதுவும் தென்படவில்லை என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. திருமணம் வரை கற்பைக் காப்பது வேதம் நமக்குத் தரும் போதனை. அதை நாம் விடப்போவதில்லை. ஆனால் வீட்டிலும் சபையிலும் உறவோடு கற்றுத்தர வேண்டியதை அரசுப் பணத்தில் சுவரொட்டியாக ஒட்டினால் அதே பலன் வராது. உண்மையாய்க் கணக்குக் கேட்பதும் உக்கிராணத்துவமே.

காலமெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தியாவே உதாரணம். தென்னாப்பிரிக்காவும் எய்ட்ஸ் செலவில் பெரும்பகுதியைத் தானே ஏற்கிறது. 2025-க்கு முன் அங்கே பெப்ஃபாரின் பங்கு சுமார் 17 சதவீதமாகவே இருந்தது. அரசு கொடுக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் அந்த நாடே காட்டியது. 2000 முதல் 2005 வரை அதிபர் தாபோ எம்பெக்கியின் அரசு மருந்து வழங்கத் தாமதித்ததால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே கேட்க வேண்டியது, பொறுப்பை எப்படிக் கைமாற்றுவது என்பதுதான். கைமாற்றும்போது நோயாளிக்கு ஒரு நாள் மாத்திரைகூடத் தவறக் கூடாது.

2025-இல் நடந்தது

2025 ஜனவரி 20-இல் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கும் உத்தரவு வந்தது. சில நாட்களில் நடந்துகொண்டிருந்த வேலைகளையும் நிறுத்தச் சொன்னார்கள். பல நாடுகளில் சிகிச்சை மையங்கள் திடீரென்று மூடப்பட்டன; ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் உயிர்காக்கும் எய்ட்ஸ் சிகிச்சைக்கு விலக்கு அளித்தார்கள். ஆனால் பணம் அனுப்ப வேண்டிய யு.எஸ்.எய்ட் நிறுவனமே கலைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஜூலை 1-இல் அது மூடப்பட்டது. அதே மாதம், ஒதுக்கிய நிதியைத் திரும்பப் பெறும் மசோதாவில் பெப்ஃபாரிலிருந்து 40 கோடி டாலரைக் குறைக்கும் பகுதி இருந்தது. செனட் சபை அதை நீக்கியது. இரு கட்சி உறுப்பினர்களும் பேசியதால், சபைகளும் மருத்துவர்களும் எழுதியதால் அது நடந்தது. செப்டம்பரில் வெளியான அரசின் புதிய திட்டம், அந்தந்த நாட்டு அரசுகளோடு ஒப்பந்தம் செய்து பொறுப்பைப் படிப்படியாக அவர்களிடம் ஒப்படைக்கப்போவதாகச் சொல்கிறது.

பெப்ஃபாரின் உதவி நிரந்தரமாக நின்று, அந்த இடத்தை யாரும் நிரப்பாவிட்டால், 2029-க்குள் கூடுதலாக 60 லட்சம் பேருக்குத் தொற்றும், 40 லட்சம் பேர் இறப்பார்கள் என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு எச்சரித்திருக்கிறது.

நம் சபையில் இரு கட்சிக்கும் வாக்களிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தத் திட்டத்தைத் தொடங்கியவர் குடியரசுக் கட்சி அதிபர். தொடர்ந்து நடத்தியவர்களில் இரு கட்சி அதிபர்களும் உண்டு. ஆகையால் இதைக் கட்சிச் சண்டையாக்காமல் பேச நம்மால் முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

எழுதுங்கள். உங்கள் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கும் இரண்டு செனட்டர்களுக்கும் ஒரு கடிதம், அல்லது ஒரு தொலைபேசி அழைப்பு. குடியுரிமை இல்லாதவர்களும் அந்தப் பகுதியில் குடியிருப்பவர் என்ற முறையில் எழுதலாம். ஐந்து வரி போதும்: நாங்கள் இந்தச் சபையைச் சேர்ந்தவர்கள், வரி கட்டுகிறோம், எங்கள் வரியில் இந்தப் பங்கு தொடர வேண்டும், பொறுப்பைக் கைமாற்றுவதானால் சிகிச்சை தடைபடாமல் மாற்றுங்கள், பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று கணக்கும் கேளுங்கள்.

பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 13 முதல் 64 வயது வரையுள்ள ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. "எங்களுக்கு எதற்கு?" என்று கூச்சப்பட வேண்டாம். சர்க்கரை பார்ப்பதுபோல இதுவும் ஒரு சோதனை.

நாவைக் காத்துக்கொள்ளுங்கள். இது பணத்தால் ஆகாத காரியம். ஊரில் எய்ட்ஸால் இறந்தவர்களைக் காசநோயால் இறந்தார்கள், விஷக்காய்ச்சல் வந்தது என்று சொல்லி அடக்கம் செய்த குடும்பங்கள் எத்தனை! சபைக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னார்கள். நாளை ஒருவர் நம்மிடம் வந்து தமக்கு எச்.ஐ.வி. என்று சொன்னால், அது மறுவாரமே ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் வரக் கூடாது. அவர் அனுமதி தராமல் அவர் கணவரிடமோ மனைவியிடமோ பெற்றோரிடமோகூட நாம் சொல்லக் கூடாது. மருத்துவரிடம் அழைத்துப் போவோம், கூட உட்கார்ந்திருப்போம், திருவிருந்தில் பக்கத்தில் முழங்காற்படியிடுவோம். கைகுலுக்குவோம்.

மிஷன் மருத்துவமனைகளுக்குக் கொடுங்கள். 600 பேருக்கு மாத்திரை என்று மேலே போட்ட கணக்கு வெறும் கணக்கல்ல. அரசு கொடுக்கும் காலத்திலும் சபை கொடுக்கலாம். அரசு தடுமாறும் காலத்தில் சபை கட்டாயம் கொடுக்க வேண்டும்.

வாலிபர் கூட்டத்தில் கலந்துரையாட

1. சமாரியன் சத்திரத்தானுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றாமல் போயிருந்தால், காயப்பட்டவனுக்கும் சத்திரத்தானுக்கும் என்ன ஆகியிருக்கும்?

2. ரயன் ஒயிட் நம் ஆலயத்துக்கு வந்திருந்தால், சமாதானம் கூறிக் கைகொடுக்கும் வேளையில் நாம் என்ன செய்திருப்போம்?

3. வரி கட்டுவதும் காணிக்கை கொடுப்பதும் ஒன்றா, வேறா? இரண்டிலும் நாம் கேட்க வேண்டிய கணக்கு எது?

4. நம் சபையில் ஒருவர் தம் நோயைப் பயமில்லாமல் சொல்ல, நாம் எதை மாற்ற வேண்டும்?

ஜெபிப்போம்

இன்று இரவு மாத்திரை இருக்குமோ இராதோ என்று தெரியாமல் இருக்கும் தாய்மாருக்காக. சம்பளம் இல்லாமலும் வேலைக்கு வரும் செவிலியருக்காக. நிதியைப் பற்றி முடிவெடுக்கும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்காக. நம் ஊர்களில் இன்னும் வாய் திறக்க முடியாத குடும்பங்களுக்காக. நமக்கு நாவடக்கமும் திறந்த கையும் கிடைப்பதற்காக.